கார்ன்வால்காரர்கள் லண்டனைத் தாண்டிக் கிழக்கே எதற்குப் போனார்கள்? (1497 வரிக் கலகம்)

ரவி_கிரீனிச் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்து வரலாறு தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்.

நான் லண்டனில் பேருந்து ஓட்டுகிறேன். எட்டு வருடமாகத் தென்கிழக்குப் பக்கம்தான். பிளாக்ஹீத் மேட்டில் அந்தப் பெரிய புல்வெளியைக் கடந்து, பிளாக்ஹீத் ஹில் இறக்கத்தில் மெதுவாக இறங்கினால் டெட்ஃபர்டு பிரிட்ஜ், அப்புறம் நியூ கிராஸ். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போய் வரும் பாதை. எந்த இடத்தில் சாலை குழி விழுந்திருக்கிறது, எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு கிரீனிச் பூங்காவுக்குப் போயிருந்தேன். பிளாக்ஹீத் பக்கம் இருக்கிற வாசலுக்கு அருகே மதிலில் ஒரு கற்பலகை இருக்கிறது. நான் அதைப் பார்த்ததே இல்லை. அவன்தான் நின்று வாசித்தான். ஒரு பாதி ஆங்கிலம். மறுபாதி என்ன மொழி என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடின பிறகுதான் அது கார்னிஷ் மொழி என்று தெரிந்தது. 1497ல் கார்ன்வாலில் இருந்து தாமஸ் ஃப்ளமாங்க், மைக்கேல் ஜோசஃப் என்ற இரண்டு பேர் தலைமையில் வரியை எதிர்த்து நடந்தே வந்த கூட்டம், ஏழாம் ஹென்றியின் படையிடம் இங்கேதான் தோற்றதாம்.

சரி, என் சந்தேகம் இதுதான். கார்ன்வால் இருப்பது நாட்டின் தென்மேற்கு மூலை. வந்தவர்கள் சால்ஸ்பரி, வின்செஸ்டர், கில்ஃபர்டு வழியாக வந்திருக்கிறார்கள். கில்ஃபர்டு லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கிறது. அங்கிருந்து நேரே நகரத்துக்குள் போக வழி இருக்கும்போது, லண்டனைத் தெற்கே ஒரு சுற்றுச் சுற்றித் தாண்டி வந்து தென்கிழக்கே பிளாக்ஹீத் மேட்டில் எதற்கு ஏறினார்கள்? அவ்வளவு தூரம் நடந்து களைத்தவர்கள் கூடுதலாக ஒரு நாள் நடை நடப்பார்களா? பாதை ஓட்டுகிறவனுக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று. "வரி கட்ட மாட்டேன்னு சொன்னதுக்கா கொன்னாங்க?" என்று மகன் கேட்டான். ஒன்பது வயது அவனுக்கு. ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட மனசு வரவில்லை. நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொண்டு அவனுக்குச் சொல்ல வேண்டும்.

ட்ரூரோ_மல்லிகா எழுதியது:

ரவி தம்பி, அவர்கள் வழி தவறி வரவில்லை. தெரிந்தேதான் வந்தார்கள். கென்ட் மக்களைச் சேர்த்துக்கொள்ளத்தான் லண்டனைத் தாண்டிக் கிழக்கே போனார்கள். நீங்கள் ஓட்டும் அந்தச் சாலை கென்டுக்குப் போகும் பழைய பாதை. 1381ல் வாட் டைலர் தலைமையில் கிளம்பிய உழவர்கள் அதே பிளாக்ஹீத் மேட்டில்தான் கூடினார்கள். 1450ல் ஜாக் கேட் என்பவனும் கென்ட் ஆட்களோடு அங்கேதான் முகாம் போட்டான். இரண்டு கூட்டமும் அந்த மேட்டில் இருந்து இறங்கி லண்டனுக்குள்ளேயே நுழைந்தார்கள். அதனால் கென்ட் என்றால் அரசனுக்கு அடங்காத ஊர், அங்கே போய் நின்றால் ஆயிரக்கணக்கில் சேருவார்கள் என்று ஃப்ளமாங்க் நம்பினான்.

ஒருவரும் சேரவில்லை. இதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். இரண்டு வருடம் முன்பு, 1495 கோடையில், அரசுரிமை கேட்டு வந்த பெர்கின் வார்பெக்கின் ஆட்கள் கென்ட் கரையில் டீல் என்ற இடத்தில் இறங்கியபோது, கென்ட்காரர்களே அவர்களை அடித்து விரட்டி அரசனிடம் நல்ல பெயர் வாங்கியிருந்தார்கள். கென்ட் பிரபுக்களும் அரசன் பக்கம் நின்று ஊரைக் கட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். ஃப்ளமாங்க் நம்பியது அவனுடைய பாட்டன் காலத்துக் கென்டை.

நான் பதினோரு வருடமாகக் கார்ன்வாலில் செவிலியராக இருக்கிறேன். வந்த புதிதில் லிசார்டு பக்கத்து முதியவர் ஒருவருக்கு இரவுப் பணியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் "உங்க இங்கிலீஷ்காரங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைத் தட்டி, "நான் இங்கிலீஷ் இல்லை, கார்னிஷ்" என்றார். கோபம் இல்லை, திருத்தினார், அவ்வளவுதான். அப்புறம் தூக்கம் வராமல் அவர் சொன்ன கதைதான் இந்த 1497. அவர் ஊர் செயின்ட் கெவர்ன். கலகம் பிறந்த ஊரே அதுதான். அதன் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன், ஊரையும் போய்ப் பார்த்தேன்.

முதலில் வரியைச் சொல்கிறேன். ஏழாம் ஹென்றிக்கும் ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்சுக்கும் பகை. பெர்கின் வார்பெக் என்று சொன்னேனே, அவனுக்கு ஜேம்ஸ் இடம் கொடுத்தான். 1496 செப்டம்பரில் எல்லை தாண்டி நார்தம்பர்லாந்தில் புகுந்து எரித்துவிட்டும் போனான். பதிலடி கொடுக்க ஹென்றி முதலில் கட்டாயக் கடன் வாங்கினான். பிறகு 1497 ஜனவரியில் நாடாளுமன்றத்தைக் கூட்டி 1,20,000 பவுண்டு வரிக்கு ஒப்புதல் வாங்கினான். அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய தொகை.

தம்பி, வரைபடத்தில் செயின்ட் கெவர்னையும் ஸ்காட்லாந்து எல்லையையும் ஒரு தடவை பாருங்கள். நாட்டின் இந்தக் கடைசி, அந்தக் கடைசி. எங்கள் பக்கத்தில் ஸ்காட்லாந்துப் படைவீரன் ஒருவனைக்கூடக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஃப்ளமாங்க் போட்மின் ஊர்க்காரன், வழக்கறிஞர். அவன் சட்டம் பேசினான். வடக்கு எல்லையைக் காப்பது வடக்கே நிலம் பெற்ற பிரபுக்களின் கடமை, அந்தக் கடமைக்குத்தான் அவர்களுக்கு நிலமே கொடுக்கப்பட்டது, அதற்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டான். அரசனை நீக்க வேண்டும் என்று அவன் சொல்லவே இல்லை. தவறு அரசனைச் சுற்றி இருக்கும் கார்டினல் மார்ட்டன், ரெஜினால்டு பிரே ஆகியோருடையது, அவர்களைத் தண்டிக்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம் என்றுதான் சொன்னான்.

மைக்கேல் ஜோசஃப் இருக்கிறானே, அவன் இரும்பு அடிக்கிற கொல்லன். கார்னிஷ் மொழியில் 'கோஃப்' என்றால் கொல்லன், 'ஆன்' என்பது ஆங்கிலத்தின் 'தி' மாதிரி. ஆன் கோஃப் என்றே ஊரில் அழைத்தார்கள், இன்றைக்கும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்த முதியவர் ஒருமுறைகூட ஜோசஃப் என்று சொல்லவில்லை.

வரி மட்டும் காரணம் என்றால் தேசம் முழுக்க எழுந்திருக்க வேண்டும். கார்ன்வாலில் அதற்கு முந்தைய வருடமே தீ பற்றியிருந்தது. காரணம் அங்கே எடுக்கும் வெள்ளீயம் (ஈயம் அல்ல). ஓடைச் சரளையை அலசி எடுத்து உருக்கிக் கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டியைச் சில குறிப்பிட்ட ஊர்களுக்குக் கொண்டுபோய், ஆண்டுக்கு சில தடவை வரும் அதிகாரிகள் முன்னால் வைக்க வேண்டும். அவர்கள் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்துத் தரம் பார்த்து, வரி வாங்கிக்கொண்டு முத்திரை அடிப்பார்கள். பிரெஞ்சில் மூலைக்குக் 'குவாங்' என்று பெயர், அதில் இருந்துதான் இந்தச் சடங்குக்கே 'காயினேஜ்' என்று பெயர். முத்திரை விழாத கட்டியை விற்கக் கூடாது. இதற்கு ஈடாக வெள்ளீயத் தொழிலாளிகளுக்குத் தனி நீதிமன்றம், சாதாரண வரிகளில் இருந்து விலக்கு எல்லாம் 1305ல் முதலாம் எட்வர்டு காலத்துச் சாசனத்திலேயே உண்டு. 1496ல் இளவரசன் ஆர்தர் பெயரில் புதிய விதிகள் போட்டார்கள். பத்து வயதுப் பையன் அவன், கார்ன்வால் கோமகன் என்ற பட்டம் அவனுக்கு. தொழிலாளிகள் விதிகளை ஏற்கவில்லை. அரசன் அவர்களுடைய உரிமைகளையே நிறுத்தி வைத்துவிட்டான். தலைமுறை தலைமுறையாக இருந்த பாதுகாப்பைப் பிடுங்கிவிட்டு, அடுத்த வருடமே வந்து போருக்குப் பணம் கொடு என்றால்?

கிளம்பியவர்கள் 15,000 பேர் வரை சேர்ந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. வில், அம்பு, ஈட்டி, அரிவாள். குதிரைப்படை இல்லை, பீரங்கி இல்லை. டெவன் வழியாக வந்தார்கள். வழியில் கொள்ளை அடிக்காமல் ஒழுங்காக வந்தார்கள் என்பதை அரசன் பக்கத்து எழுத்தாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் டாண்டனில் வரி வசூல் செய்த ஒருவரைக் கொன்றார்கள். அதை மறைக்கக் கூடாது, உங்கள் மகனுக்கும் அதைச் சொல்லுங்கள். வெல்ஸ் ஊரில் ஆட்லி பிரபு வந்து சேர்ந்து தலைமை ஏற்றார். கூட்டத்தில் இருந்த ஒரே பெரிய பிரபு அவர்தான்.

லண்டனில் பயம். ஸ்காட்லாந்துக்குப் போக டாபெனி பிரபு தலைமையில் 8,000 பேர் புறப்பட்டிருந்தார்கள். அவர்களை அவசரமாகத் திருப்பிக் கூப்பிட்டார்கள். ராணி, ஐந்து வயது மகனை எடுத்துக்கொண்டு லண்டன் கோபுரத்துக்குள் போய் ஒளிந்தாள். பின்னாளில் எட்டாம் ஹென்றி ஆனது அந்தப் பிள்ளைதான்.

ஜூன் 16 மாலை உங்கள் மேட்டில் வந்து இறங்கினார்கள். கென்ட் வரவில்லை என்பது அப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது. கீழே லண்டன் தெரிகிறது. எதிரில் 25,000 பேர் கொண்ட படை. ஆட்லியும் ஃப்ளமாங்கும் சரணடையலாமா என்று யோசித்ததாகவும், ஆன் கோஃப் மறுத்ததாகவும் சொல்வார்கள். அந்த இரவில் பல பேர் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்கள். விடியும்போது மிச்சம் ஒன்பதாயிரம், பத்தாயிரம்.

1497 ஜூன் 17, சனிக்கிழமை. நீங்கள் இறங்குகிற பிளாக்ஹீத் ஹில் அடிவாரத்தில் ரேவன்ஸ்போர்ன் என்ற சின்ன ஆறு இருக்கிறது இல்லையா, டெட்ஃபர்டு பிரிட்ஜ் அதன் மேல்தான். கார்ன்வால் வில்லாளிகள் அந்தப் பாலத்தைப் பிடித்து நின்றார்கள். அவர்களுடைய அம்பு தையற்காரர் அளக்கும் ஒரு கஜ நீளம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே அரசன் ஆட்கள் நிறையப் பேர் விழுந்தார்கள். ஆனால் வில்லாளிகளுக்குத் துணையாகப் பின்னால் யாரும் நிற்கவில்லை. கார்ன்வால்காரர்களின் பெரும்படை மேட்டின் உள்ளே தள்ளி இருந்தது. பாலம் விழுந்ததும் டாபெனி மேலே ஏறினான். அரசன் பக்கத்து ஆக்ஸ்ஃபர்டு பிரபுவும் மற்றவர்களும் ஏற்கெனவே மேட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்துவிட்டார்கள். முன்னால் வேகமாக வந்த டாபெனியைக் கார்ன்வால்காரர்கள் உயிரோடு பிடித்தார்கள். பிடித்து, விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று நான் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். அரசனோடு போர் செய்ய வரவில்லை, மனு கொடுக்க வந்தோம் என்பது அவர்கள் மனசில் கடைசி வரை இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆட்லியும் ஃப்ளமாங்கும் களத்திலேயே பிடிபட்டார்கள். ஆன் கோஃப் கிரீனிச் வரை ஓடினான், தேவாலயத்துக்குள் போனால் அடைக்கலம் உண்டு. அதற்குள் பிடித்துவிட்டார்கள். ஜூன் 27ல் அவனையும் ஃப்ளமாங்கையும் டைபர்னில் தூக்கிலிட்டு உடலைத் துண்டாக்கினார்கள். மறுநாள் ஆட்லிக்குத் தலை வெட்டு. பிரபு என்பதால் அது 'மரியாதையான' சாவு, ஆனால் காகிதத்தில் கவசம் செய்து, கிழித்து, அவருக்கு மாட்டி நடத்திக் கொண்டுபோனார்கள். தலைகள் லண்டன் பாலத்தில்.

டைபர்னுக்கு இழுத்துப் போகும்போது ஆன் கோஃப் கலங்கவில்லை. தன் பெயர் அழியாது, தன் புகழ் என்றும் நிற்கும் என்று சொன்னானாம். ஊர்க் கொல்லுப்பட்டறையில் இருந்து வந்த ஒருவன். அதை எழுதி வைத்தது அவனுடைய ஆட்கள் இல்லை, அரசன் பக்கத்து எழுத்தாளர்கள். அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை.

தணிக்கை_பாலா எழுதியது:

மல்லிகா அக்கா, அருமையாகச் சொன்னீர்கள். நான் வரித் தணிக்கை வேலை பார்க்கிறவன், அதனால் ஒரு கேள்வி. எல்லை என்றால் எல்லோருக்கும் பொதுதானே? ஒவ்வொரு பகுதியும் "இது என் போர் இல்லை" என்று கையை விரித்தால் எந்த அரசும் ஓடாது. அந்த 1,20,000 பவுண்டு உண்மையிலேயே தாங்க முடியாத தொகையா, அல்லது கொடுக்க மனசில்லையா?

ட்ரூரோ_மல்லிகா எழுதியது:

பாலா, நியாயமான கேள்வி. தொகை பெரியதுதான், ஆனால் கேட்ட விதத்தையும் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து வழக்கமான வரிக்குப் 'பதினைந்தில் ஒன்று, பத்தில் ஒன்று' என்று பெயர். கிராமத்துக்குப் பதினைந்தில் ஒரு பங்கு, நகரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. பெயர்தான் அப்படி. 1334ல் ஒவ்வொரு ஊருக்கும் இவ்வளவு என்று தொகையை நிரந்தரமாக எழுதிவிட்டார்கள். ஆகவே ஊருக்குத் தன் கணக்கு தெரியும். யார் எவ்வளவு போடுவது என்று தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்வார்கள். இல்லாதவனுக்குக் குறைப்பார்கள், இருப்பவன் கொஞ்சம் கூடப் போடுவான். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் நடந்தது. 1497ல் இரண்டு முழு வரியை ஒன்றாகக் கேட்டான் ஹென்றி. அதற்குமேல் அதே அளவுக்கு இன்னொரு தொகை. அந்த இரண்டாவது தொகையை வசூலிக்க, ஊர்ப் பங்கீட்டைத் தாண்டி, யாரிடம் என்ன சொத்து இருக்கிறது என்று பார்க்க ஆணையர்கள் வந்தார்கள். கட்டாயக் கடன் வாங்கிய கை காயும் முன்னால் இது.

'என் போர் இல்லை' என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இதைச் சொன்னது கார்ன்வால் மட்டும் இல்லை. எட்டு வருடம் முன்பு, 1489ல், பிரிட்டனி என்ற கோமகன் நாட்டுக்காகப் பிரான்சோடு போர் செய்ய ஹென்றி 1,00,000 பவுண்டு வரி கேட்டான். அப்போது யார்க்ஷயர்காரர்கள் கொடுக்க மறுத்தார்கள். எங்களுக்கு ஸ்காட்லாந்து எல்லையே போதும், கடல் தாண்டிய போருக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அரசன் சார்பில் பேசப் போன நார்தம்பர்லாந்து பிரபு ஹென்றி பெர்சியை ஏப்ரல் 28 அன்று தெர்ஸ்க் பக்கத்தில் கொன்றே விட்டார்கள். படை போய் அடக்கியது. ஆனால் அந்த ஒரு லட்சத்தில் கடைசியில் கைக்கு வந்தது 27,000 பவுண்டுதான். வடக்கு அந்த வரியைக் கட்டவே இல்லை.

இப்போது கார்ன்வால்காரன் இடத்தில் இருந்து பாருங்கள். தெற்குப் போருக்கு வடக்கு கொடுக்கவில்லை. வடக்குப் போருக்குத் தெற்கு மூலையில் இருக்கும் நாங்கள் மட்டும் கொடுக்க வேண்டும். அதுவும் வெள்ளீய உரிமையை இழந்த கையோடு. கொடுக்க மனசில்லை என்பது உண்மை. மனசில்லாமல் போனதற்குக் காரணம் இருந்தது.

காவிரிக்கரை_கணேசன் எழுதியது:

இதைப் படித்ததும் எனக்குக் கொறுக்கைக் கல்வெட்டுதான் நினைவுக்கு வந்தது. நான் மாயவரம் பக்கம். கல்வெட்டுப் படிப்பது பொழுதுபோக்கு.

1429, விசயநகரத்து இரண்டாம் தேவராயன் காலம். காவிரிப் பகுதியில் இராசகரத்தார் என்ற அரசு அதிகாரிகள், சீவிதக்காரர் என்று வருவாய் பெற்று உட்கார்ந்தவர்கள், அவர்களோடு கைகோர்த்த காணியாளர்கள் என்ற நிலவுடைமையாளர்கள், எல்லோருமாகச் சேர்ந்து விளைச்சலைப் பார்க்காமல் வரி கறந்தார்கள். அப்போது வலங்கை 98, இடங்கை 98 என்று எப்போதும் முட்டிக்கொண்டிருந்த இரண்டு சாதிப் பிரிவும் ஒன்றாகக் கூடிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நியாயமான வரியைத்தான் கொடுப்போம், முறைகேடாகக் கேட்டால் கொடுக்க மாட்டோம், அவர்களுக்கு உடந்தையாக இருப்பவர்களுக்கு ஊரில் இடம் கொடுக்க மாட்டோம், அவர்களுக்குக் கணக்கு எழுத மாட்டோம் என்று. அந்தக் கல்வெட்டில் ஒரு இடம் என்னால் மறக்க முடியாது. ஊரை விட்டே ஓடிவிடலாம் என்று இருந்தோம், மண்டலத்தார் நாம் ஒன்றாக இல்லாததால்தான் இந்த அநியாயம் நடக்கிறது என்று பிறகு உணர்ந்தோம், என்ற கருத்தில் வரும்.

மல்லிகா அம்மா கென்ட் வரவில்லை என்று சொன்ன இடத்தில் எனக்கு அந்த வரி கேட்டது. அங்கே தனித்தனியாக எழுந்தார்கள். எட்டு வருடம் முன்பு யார்க்ஷயர் ஒரு பக்கம், பிறகு கார்ன்வால் ஒரு பக்கம். பாலத்தில் வில்லாளிகள் தனியாக நின்றதும் அதேதான்.

அம்மா, தோற்ற பிறகு கார்ன்வாலுக்கு என்ன ஆயிற்று? அரசன் பழி வாங்கினானா?

ட்ரூரோ_மல்லிகா எழுதியது:

கணேசன் ஐயா, கொறுக்கை பற்றி எனக்குத் தெரியாது. 'ஊரை விட்டு ஓடிவிடலாம் என்று இருந்தோம்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றி.

துண்டாக்கிய உடல்களைக் கார்ன்வாலுக்கு அனுப்பி ஊர் ஊராகக் கட்டித் தொங்கவிடத்தான் ஹென்றி முதலில் நினைத்தான். அங்கே இன்னும் சூடு தணியவில்லை என்று கேள்விப்பட்டு நிறுத்தினான். அவன் பழி வாங்கியது பணத்தில். யார் யார் போனார்கள், யார் சோறு போட்டார்கள் என்று கணக்கு எடுத்து, ஊர் ஊராக அபராதம். சில குடும்பங்களின் நிலமும் போனது. வருடக்கணக்கில் வசூல் நடந்தது.

சூடு தணியவில்லை என்பது உண்மைதான். மூன்றே மாதத்தில், செப்டம்பர் 7 அன்று, பெர்கின் வார்பெக் நிலமுனைக்கு (லேண்ட்ஸ் எண்ட்) பக்கத்தில் வைட்சாண்ட் விரிகுடாவில் வந்து இறங்கினான். ஆயிரக்கணக்கில் மறுபடி அவன் பின்னால் போனார்கள். போட்மினில் அவனை நான்காம் ரிச்சர்டு என்று அறிவித்தார்கள். எக்சிட்டர் நகர வாசலை எரித்தும் உள்ளே போக முடியவில்லை. அரசன் படை வருகிறது என்றதும் வார்பெக் டாண்டனில் தன் ஆட்களை இரவோடு இரவாக விட்டுவிட்டு ஓடினான். ஆன் கோஃப் கூட நின்ற ஜனங்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களை விட்டு ஓடியவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளீய உரிமைகள் 1508ல் திரும்பி வந்தன. இலவசமாக இல்லை. 1,000 பவுண்டு கட்டி மன்னிப்புச் சாசனம் வாங்கினார்கள். ஆனால் அந்தச் சாசனத்தில் முன்பு இல்லாத ஒன்றும் கிடைத்தது. தங்கள் தொழிலைப் பற்றி அரசு எந்தப் புதிய சட்டம் போட்டாலும், தொழிலாளிகள் தரப்பில் தேர்ந்தெடுத்த 24 பேர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செயின்ட் கெவர்ன் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த முதியவர் வீடு திரும்பிய பிறகு ஒரு ஜூன் மாதம் அங்கே போனேன். தேவாலயத்துக் கூம்புக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். கடலில் மேனக்கிள்ஸ் என்ற பாறைக் கூட்டம் இருக்கிறது, கப்பல்கள் அதில் மோதாமல் இருக்க இந்தக் கோபுரத்தைத்தான் அடையாளம் பார்ப்பார்களாம். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஆன் கோஃபும் ஃப்ளமாங்கும் சேர்ந்து நிற்கும் சிலை. 1997ல், ஐந்நூறாவது வருடத்தில் வைத்தது. அதே வருடம் அந்த ஊரில் இருந்து பிளாக்ஹீத் வரை பழைய பாதையிலேயே பல பேர் நடந்து வந்தார்கள். 'கெஸ்கெர்த் கெர்னோ' என்று அதற்குப் பெயர், கார்ன்வால் நடக்கிறது என்று அர்த்தம். ரவி, மகனிடம் சொல்லுங்கள், அந்தத் தடவை வந்தவர்களை லண்டன் வரவேற்றது.

ரவி_கிரீனிச் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு இரவாக மகனுக்கு வாசித்துக் காட்டினேன். டாண்டனில் ஒருவரைக் கொன்றதையும் சொன்னேன். அதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் "அந்த வரி வாங்கின ஆளுக்கும் பிள்ளைங்க இருந்திருக்கும்ல?" என்றான். ஆமாம்டா என்றேன். டாபெனியை விட்டுவிட்டார்கள் என்று சொன்னபோது எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

நேற்று எனக்கு விடுமுறை. பேருந்தில் ஏறாமல் மேட்டில் இருந்து பாலம் வரைக்கும் நடந்தே இறங்கினோம். நான் எட்டு வருடமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்த இறக்கம் நடக்கும்போது எவ்வளவு செங்குத்து என்று முழங்கால் சொன்னது. கீழே இருந்து கேடயமும் ஈட்டியும் தூக்கிக்கொண்டு ஏறியவர்களை நினைத்தேன், மேலே இருந்து பார்த்துக்கொண்டு நின்றவர்களையும் நினைத்தேன். பாலத்தில் நின்றால் ஆறு தெரிவதே கஷ்டம். இரண்டு பக்கமும் சுவர் கட்டி, நடுவில் ஒடுங்கலாகத் தண்ணீர் ஓடுகிறது. மேலே ரயில் பாதை.

மகன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "இவ்வளவு சின்ன ஆறா?" என்றான். பிறகு ஒரு கஜம் எவ்வளவு நீளம் என்று கேட்டான். அவன் தோளில் இருந்து என் கையால் அளந்து காட்டினேன், முழங்காலுக்குக் கீழே வந்தது.

அக்கா, இன்னொன்று. பலகையில் அந்தக் கார்னிஷ் பகுதியை அவனுக்கு வாசிக்கத் தெரிய வேண்டுமாம். எழுத்தைக் கூட்டி வாசிக்கிறான், உச்சரிப்பு சரியா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அந்த முதியவர் இன்னும் இருக்கிறாரா?

ட்ரூரோ_மல்லிகா எழுதியது:

இருக்கிறார் தம்பி. தொண்ணூறைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். வியாழக்கிழமை போய்ப் பார்க்கிறேன். பலகையைத் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அவர் வாசிப்பதைப் பதிவு செய்து உங்கள் மகனுக்கு அனுப்புகிறேன்.